ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு படங்கள்

ஜனவரி 12, வெள்ளி

1,846. போன வாரமும் இதுதான். சரி.

விளக்கேற்றிய பிறகு இந்துமதி வழக்கம்போலப் பூபதியின் போனைத் திறந்து என் கையில் கொடுத்தாள். என் மகன் அவன்; போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. டெங்கு, ஒன்பதே நாள். கல்யாண ஆல்பம் ஒன்றைத் தவிர, அவன் எடுத்த படங்கள், அவனை எடுத்த படங்கள் எல்லாம் அந்த ஒரு போனுக்குள்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் நானும் மருமகளும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்ப்போம். மற்ற நாட்களில் போன் அவளுடைய பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கும். என்னிடம் இருப்பது பட்டன் போன்.

மொத்தம் எத்தனை படங்கள் என்று போனே ஓர் எண் காட்டும். அதைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். பிள்ளைகளின் தலையை எண்ணாமல் ஒரு நாளும் உலை வைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற புத்தி போகவில்லை. இந்த வீட்டில் எண்ணத்தான் ஆள் இல்லை.

பொங்கலுக்கு வெல்லம் போதும். நெய் கொஞ்சம் குறைவு.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு கிடையாது; சாப்பாடு மட்டும் உண்டு. காங்கயத்திலிருந்து இந்துமதியின் அப்பா கரும்போடு வந்தார். போன வருஷம் வரவில்லை. இந்த வருஷம் வந்ததோடு, மகளைத் தனியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். நான் துணி எடுக்கப் போனதும் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தை மாதத்தில் என்ன மழை?

ஜனவரி 19, வெள்ளி

1,702.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 1,702-தான். இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். போன வெள்ளி 1,846. நூற்று நாற்பத்து நான்கு படங்களைக் காணவில்லை.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் சொல்வாள், நானும் நம்பியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் முட்டை குறைந்தாலும் உடனே கேட்க மாட்டேன். இரண்டு நாள் சும்மா இருந்து கவனிப்பேன். எடுத்த கை மறுபடி வரும்.

ஜனவரி 20, சனி

பக்கத்து வீட்டு ருக்மணி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கறிவேப்பிலைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இந்துமதிக்கு மறுகல்யாணம் பேசுகிறார்களாம். மாப்பிள்ளை தாராபுரத்துப் பக்கமாம், அவரும் மனைவியை இழந்தவராம். எனக்குத் தெரியாதா என்று ஆச்சரியப்பட்டாள். தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

போகும்போது வாசலில் நின்று இதையும் சொன்னாள்: "என்ற தம்பி மருமவ அப்படித்தானுங்க பண்ணுனா. போறதுக்கு முன்னால பழைய போட்டோ ஒண்ணு விடாம அழிச்சுப்போட்டுத்தான் போனா. புது எடத்துல யாராச்சும் பாத்துட்டா வம்புன்னு."

மத்தியானம் கல்யாண ஆல்பத்தை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதையாவது காப்பாற்றலாம். சாவி இடுப்பில்.

இருபத்தொன்பது வயதுப் பெண். அவள் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் போகிறவள் என் பிள்ளையைத் துடைத்துப் போட்டுவிட்டு ஏன் போக வேண்டும்?

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். தேர் பார்க்க இந்துமதியையும் கூப்பிட்டேன். அலுப்பாக இருக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்றாள். சென்னிமலையில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தேரன்று அலுப்பா? வடம் பிடித்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முன்னறையில் பூபதியின் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவன் பெட்ஷீட்டுக்கு டிசைன் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர். அவன் போன பிறகு, கரையில் கிளி வைத்து அவன் டிசைன் போட்ட துணியிலேயே ஓர் உறை தைத்து மூடிவைத்திருக்கிறேன். கிளி எப்போதும் முன்பக்கம் பார்க்கும்படிதான் போடுவேன். இன்று கிளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உறைக்குள் கைவிட்டேன். பெட்டி இட்லிப் பானை மாதிரிச் சுட்டது.

"தூசி தட்டுனேனுங்க அத்தை," என்றாள்.

தூசி தட்டினால் சுடுமா? பிரசாதத்தைக் கொடுத்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

விளக்கேற்றினேன். போன் வரவில்லை. சார்ஜ் இல்லையாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமாம். பதினான்கு மாதத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் அடித்த வாரம்கூடப் படுக்கையில் படுத்துக்கொண்டே திறந்து கொடுத்தாள்.

அதற்குப் பதிலாகவோ என்னவோ, எனக்குப் பிடிக்கும் என்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். நெய் தாராளமாக ஊற்றினாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே கோபம் கூடிற்று.

ஜனவரி 29, திங்கள்

அவள் வேலைக்குப் போன பிறகு பீரோவைத் திறந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் திறந்தேன். போனைத் திறக்கும் கோடு எனக்குத் தெரியும். இத்தனை வெள்ளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? மேலிருந்து கீழே, வலப்பக்கம், மறுபடி மேலே.

போன் உயிரே இல்லாமல் கிடந்தது. பின்மூடி ஒரு பக்கம் பிளந்து தூக்கியிருந்தது. எங்கேயோ போட்டு உடைத்திருக்கிறாள். சார்ஜரில் செருகிய பிறகுதான் விழித்தது.

688.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். என் படம் ஒன்றுகூட இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் மாலையோடு நின்ற படம் இல்லை. பூபதி சின்ன வயதில் அவன் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் பழைய படத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தான், அதுவும் இல்லை. அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கும் படம் இல்லை. மிச்சம் இருப்பது டிசைன்களும், அவன் சிநேகிதர்களும், அவளும் அவனும் ஜோடியாக நிற்பதும். இந்த வீட்டிலிருந்து முதலில் அழிக்க வேண்டிய ஆள் நான்தான் போலிருக்கிறது.

சார்ஜரைக் கழற்றினேன். உடனே அணைந்துவிட்டது. சேலை மடிப்புக் கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜனவரி 31, புதன்

புளி வாங்க வேண்டும். மூன்று நாளாக அவளைச் செல்லமாக அம்மிணி என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவள் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்றும் போன் வரவில்லை. நானும் கேட்கவில்லை. விளக்கின் முன்னால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

காலையில் அவள் துணி துவைக்கும் கல்லருகே நின்று அவளுடைய போனில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் குளியலறையில் இருந்தேன், குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். "அது முடியட்டுமுங்கப்பா. இன்னும் ஒரு வாரம். அது முடியாம நான் எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டேன்."

எது முடிய வேண்டும்? ஒரு மனுஷன் முடிந்தது போதாதா, அவன் படமும் முடிய வேண்டுமா? ஈரத்தலையோடு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். பை மறந்துவிட்டது.

வந்து முன்னறையைக் கூட்டினேன். கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நடுவில் ஓர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டும்போது காலில் தட்டிக் கழன்றுவிட்டது. இந்துமதி சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பிறகு வந்து பார்த்தாள். ஒயரை மாட்டிப் பார்த்தாள். சார்ஜரில் போட்டுப் பார்த்தாள். போன் விழிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

தக்காளி வாங்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

இந்துமதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஈரோட்டுக்குப் போனைக் கொண்டுபோனாள். மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறாள். மத்தியானம் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன் போயிருச்சுங்க அத்தை," என்றாள். "உள்ள இருக்கற போர்டே போயிருச்சாமா. ஆனா நீங்க பயப்படாதீங்க. படமெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டேன்."

உறையை எடுத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி. அதன் கீழே தமிழில் 'அத்தைக்கு' என்று எழுதியிருந்தது. இரண்டு தரம் தட்டினாள். பூபதி அவன் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தான்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தீபாவளியிலிருந்தே பேட்டரி வீங்கிக்கொண்டிருந்ததாம். தைப்பூசத்திலிருந்து மின்சாரத்தில் மாட்டியிருந்தால்தான் போன் உயிரோடு இருந்ததாம். மொத்தமாக மாற்றினால் சூடேறி அணைந்துவிடுகிறது என்று ஆறவிட்டு ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாளாம். எது போனது, எது பாக்கி என்று குழம்பாமல் இருக்க, மாற்றியதைப் போனிலிருந்து எடுத்துவிட்டுத்தான் மாற்றினாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவரோட போனும் சாகப்போகுதுன்னு உங்ககிட்ட எப்படிங்க அத்தை சொல்றது?"

எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தபடியே, "எல்லாம் வந்துருச்சுங்க அத்தை," என்றாள்.

பிறகு மவுஸைப் பிடித்து எப்படித் தட்ட வேண்டும், எப்படி அணைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். இரண்டு தரம் தட்டுவது எனக்கு வரவில்லை. என் விரலின் மேல் அவள் விரலை வைத்துத் தட்டினாள். கை சில்லென்று இருந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவள் வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். முடிக்கும்போது சாயங்காலம் நாலரை.

1,634.

என் படம் மட்டும் முந்நூற்றுப் பதினொன்று. பேப்பர் படித்தபடியே நான் தூங்குவது. அடுப்படியில் என் முதுகு. முருங்கைக்கீரை உருவும் என் கை மட்டும். இதையெல்லாம் எப்போது எடுத்தான்? போனில் நான் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவன் முகம் இருக்கும் படமாகத் தேடித்தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

இந்துமதியின் படம்: நான்கு. நான்கிலும் கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்கிறாள். அவளும் அவனும் மட்டுமாக: இல்லை. ஒன்றுகூட இல்லை. முதல் தடவை விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி தேடினேன். இல்லை.

என் படங்களை முதலில் மாற்றியிருக்கிறாள். பிறகு சொந்தக்காரர்கள், டிசைன்கள், சிநேகிதர்கள். தன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியது பொய். பை மறக்கவில்லை. வீட்டைக் காலையிலேயே கூட்டியாகிவிட்டது, மறுபடி கூட்டவில்லை. ஒயர் காலில் தட்டவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு வளர்ந்துகொண்டிருந்தது, அதன் கீழே 212 என்று இருந்தது. இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக வராது, எண் வரும். அழித்து அழித்து இருநூற்றுப் பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். கையால் பிடுங்கினேன். கழற்றினால் அணைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னால் இதே கையால் கழற்றிப் பார்த்தவள்தானே.

எனக்கு வேண்டியது எல்லாம் வந்த பிறகு பிடுங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பச்சைப்பயறு முளை கட்டியிருக்கிறேன். ருக்மணி வந்தாள், கதவைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

விளக்கேற்றினேன். இந்துமதி கம்ப்யூட்டரைப் போடப் போனாள். வேண்டாம், உட்கார் என்றேன். மூன்று நாளாக மனதுக்குள் வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

"அம்மிணி, ஒயரைப் புடுங்குனது நான்தான்."

அவள் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். தூண்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"தெரியுமுங்க அத்தை. பாலை எறக்கி வெச்சுட்டுத் திரும்புனேன். பாத்துட்டேன்."

பிறகு எதற்கு எல்லாம் வந்துவிட்டது என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"உங்களுது எல்லாம் வந்துருச்சுங்க. அதைத்தான் சொன்னேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பதினான்கு மாதத்தில் அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் அழக் கூடாது என்று வைத்திருந்தாளோ என்னவோ. கோபம் வந்ததாம். ஐந்து நாளாக என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். காலையில் பெட்டி கட்டலாமா என்றுகூட நினைத்தாளாம். சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் எதுவும் அதிகம் இல்லை.

கல்யாணப் பேச்சு உண்மைதானாம். வைகாசியில் வைக்கலாம் என்கிறார்களாம். இந்த வேலை முடிந்த பிறகு, என்னிடம் அவளே சொல்லிவிட்டுத்தான் சரி சொல்வதாக இருந்தாளாம். அவளும் அவனும் இருக்கும் அந்தப் படங்களையும் ஒரு சின்னப் பெட்டியாக்கி இங்கேயே, இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிட்டுப் போக நினைத்தாளாம். அங்கே கொண்டுபோக முடியாது. இங்கே இருந்தால், வரும்போது போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாண ஆல்பத்தை அவள் மடியில் வைத்தேன். அது ஏன் பெட்டிக்குள் போயிற்று என்பதையும் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கம் புரட்டினாள். "இதுல அவரு அவரு மாதிரியே இல்லீங்க. போட்டோக்காரர் நிக்கச் சொன்ன மாதிரி நிக்கறாரு," என்று மூடினாள்.

உண்மைதான். ஆல்பத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது என் புத்தி. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த நோட்டை எடுத்தேன், பேனா எடுத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

"அந்த எரநூத்திப் பன்னெண்டும் உனக்கு ஞாபகம் இருக்குமல்லோ. ஒண்ணொண்ணாச் சொல்லு அம்மிணி. நான் எழுதறேன்."

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

1. ஏற்காடு. மழை. ஒரே குடை. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டு எடுத்தது. கேமராக் கண்ணாடியில் தண்ணீர் பட்டு அவள் முகம் பாதிதான் தெரியும்.

2. அதே இடம். இப்போது அவள் எடுத்தது. குடைக்குள் வரச் சொல்ல, மாட்டேன் என்று கைகாட்டுகிறான்.

3. தறிப்பட்டறை. அவள் பெயரின் முதல் எழுத்தை பெட்ஷீட்டின் ஒரு மூலையில் நெய்திருக்கிறான். ஒற்றைத் துணிதான். அது இன்னும் அவள் கட்டிலில் இருக்கிறது.

4. ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள். கையில் ஊசியோடு சிரிக்கிறான். எடுக்க வேண்டாம் என்று அவள் சொல்ல, வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அவனே எடுக்கச் சொன்னது.

நாலாவதை எழுதும்போது எனக்கு எழுத்துக் கோணிவிட்டது. அவள் நிறுத்தினாள். போதுமா என்று கேட்டேன். வேண்டாம், எழுதுங்கள் என்றாள்.

ஐந்தாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் ஆடிக்கு மாமனார் வீட்டுக்குப் போனவன், எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தலையில் சீயக்காயோடு கோழிக்குப் பயந்து ஓடுகிற படம். கோழிக்கா பயந்தான் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதுங்களா, கோழி என்றாலே அவருக்கு ஆகாதுங்க என்றாள். எனக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் வளர்த்திருக்கிறேன், தெரியாது.

சோற்றை மறந்து பதினொன்று எழுதினோம். வைகாசிக்குள் முடியாது போலிருக்கிறதே என்றேன். "முடியலைன்னா அங்க இருந்து போன்ல சொல்றனுங்க அத்தை. நீங்க எழுதிக்கோங்க," என்றாள்.

எழுதியது 11. மீதி 201.